மெஷின் மெயின்டனன்ஸ் படிக்கப் போகிறீர்களா?

நுரைச்சோலையில் 300 மெகாவாட் யூனிட் மூன்று, பாலாவியில் சீமெந்து ஆலை, மாம்புரியில் காற்றாலைகள், முந்தலில் இறால் பண்ணைகள், சிலாபம் பக்கம் தேங்காய் மில்கள். புத்தளம் கரையோரத்தில் மெஷினுக்குக் குறைவில்லை. படிக்கும் இடத்தை மட்டும் பார்த்துப் பிடியுங்கள்.

செய்ய வேண்டியவை

• காசு கட்டுமுன் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் இரண்டைப் பாருங்கள்: நிறுவனத்தின் பதிவு, பாடநெறியின் அங்கீகாரம். பதிவு மட்டும் இருந்தால் கிடைப்பது அவர்கள் அச்சடித்த சேர்டிபிகேட், தேசிய தொழிற்தகைமையான என்.வி.கியூ. அல்ல. போர்டில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் பதிவுதான்.

• என்.வி.கியூ. 4 வரை விடாமல் போங்கள். 5, 6 என்று டிப்ளோமாவுக்கு ஏற அது உதவும்.

• கராஜிலோ மில்லிலோ ஏற்கெனவே பழகியவர் என்றால் ஆர்.பி.எல். (முன்கற்றலுக்கான அங்கீகாரம்) கேளுங்கள்; முழுக் கோர்ஸும் இருக்காமல் கைவேலையைக் காட்டியே தகைமை எடுக்கலாம்.

• இறால் பண்ணை எயரேட்டர் ஒன்றை, கரண்டைத் துண்டித்தபின், பாஸோடு சேர்ந்து திறந்து பாருங்கள். செம்பில் பச்சை பூத்திருக்கும், போல்ட் துருவில் இறுகியிருக்கும். புத்தகம் சொல்லும் சர்வீஸ் தவணை உப்புக்காற்றுக்குப் போதாது என்று அங்கேயே விளங்கும்.

• பெயரிங் நம்பர்களைக் கொப்பியில் எழுதுங்கள். 6205 என்றால் உள்விட்டம் 25 மி.மீ.; 04இலிருந்து கடைசி இரண்டு இலக்கத்தை 5ஆல் பெருக்கினால் போதும். கடைக்காரர் உங்களை ஏய்க்க முடியாது.

• மெனுவல் வாசிக்க ஆங்கிலம், ஆலைக்குள் பேசச் சிங்களம்: இரண்டையும் இன்றே தொடங்குங்கள்.

செய்யக்கூடாதவை

• சுவிட்சை அணைத்ததும் கை வைக்காதீர்கள். பிரேக்கரில் உங்கள் பூட்டைப் போடுங்கள், சாவி உங்கள் பொக்கெட்டில் இருக்கட்டும், பிறகு ஸ்டார்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். அப்போதும் ஹைட்ராலிக்கில் அமுக்கம் இருக்கும், கன்வேயரின் எடைக்கட்டி தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டும் கரண்ட் இல்லாமலே கையைப் பறிக்கும். “நான் பார்த்துக்கொள்கிறேன் மச்சான்” என்பது பூட்டு அல்ல.

• மோதிரம், கைச்சங்கிலியோடு லேத் பக்கம் போகாதீர்கள். கையுறையும் வேண்டாம், சுழலும் தண்டு அதையும் இழுத்துக்கொள்ளும்.

• பெயரிங்கில் கிரீஸை அடைத்துத் தள்ளாதீர்கள், சூடேறும். வகை தெரியாத கிரீஸைக் கலக்கவும் கூடாது.

• மூலச் சான்றிதழை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். கொப்பி எடுத்துக் கொடுங்கள்.

• கட்டார் வேலை என்று யாராவது சொன்னதும் காசு நீட்டாதீர்கள். அந்த ஏஜென்சியின் அனுமதிப்பத்திர எண்ணை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முதலில் விசாரியுங்கள். ரசீது தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.