நுண்கணிதத்தில் ரேடியனின் இன்றியமையாமை

கோணங்களை அளக்கும் கருவிகளிற் பல பாகையிலும் கலையிலும் குறியிடப்பட்டுள்ளன. நுண்கணித நூல்களோ ரேடியனையே கொள்கின்றன. இவ்வேற்றுமை வெறும் வழக்கம் அன்று. இதனை மறந்தால் கணக்குப் பிழைபடும்.

பெங்களூர் நீலசந்திராவில் ஒரு நீர்த்தொட்டியின் உயரத்தைக் களப்பணியாளர் ஒருவர் அளப்பதாகக் கொள்க. தொட்டியின் அடிக்கும் கருவிக்கும் இடையே 30 மீட்டர்; ஏற்றக் கோணம் 45 பாகை. எனவே, கருவியின் மட்டத்திற்கு மேல் உயரம் 30 மீட்டர். கோணத்தில் ஒரு கலை பிழை நேர்ந்தால் உயரத்தில் எவ்வளவு பிழை நேரும்?

டான்ஜென்ட்டின் வகைக்கெழு சீகன்ட்டின் வர்க்கம் ஆகும். 45 பாகையில் அதன் மதிப்பு 2. ஆகவே, கோணப் பிழையை 60ஆல் பெருக்குதல் வேண்டும். ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. அதனை அப்படியே பெருக்கினால் 1 மீட்டர் என விடை வரும். இது தவறு. ஒரு கலை 0.000291 ரேடியன், அதனைப் பெருக்கினால் உண்மையான பிழை சுமார் 1.75 சென்டிமீட்டரே. தவறான விடை ஏறக்குறைய 57 மடங்கு பெரிது.

காரணம் யாது? ஆரத்திற்குச் சமமான நீளமுள்ள வில் மையத்தில் அமைக்கும் கோணமே ஒரு ரேடியன். அது சுமார் 57.3 பாகை. கோணம் சுருங்கச் சுருங்க, அரைநாணும் வில்லும் ஒன்றையொன்று நெருங்கும். ஆகையால் சைனுக்கும் கோணத்திற்கும் உள்ள விகிதம், ரேடியனில் 1 என்னும் எல்லையை அணுகும், பாகையிலோ 0.0174533 என்னும் எல்லையை அணுகும். ரேடியனில் சைனின் வகைக்கெழு கொசைன்; பாகையில் கொள்ளின், ஒவ்வொரு முறை வகையிடும்போதும் இவ்வெண் பெருக்கமாக வந்து சேரும்.

இக்கருத்தின் வித்து இந்நாட்டுக் கணிதத்திலேயே உண்டு. கி.பி. 499ஆம் ஆண்டை ஒட்டி வாழ்ந்த ஆரியபட்டரின் அரைநாண் அட்டவணையில், வட்டத்தின் சுற்றளவு 21,600 கலை. அதற்கேற்ற ஆரம் 3,438 கலை. வில்லும் ஆரமும் ஒரே அலகில் அளக்கப்பட்டமையால், 225 கலை வில்லுக்கு அரைநாணும் 225 ஆயிற்று. 450 கலைக்கு 449, 675 கலைக்கு 671 எனப் பின்னரே வேறுபாடு தோன்றிற்று. ரேடியன் என்னும் பெயர் அச்சேறியது 1873இல்தான்.

ஆசிரியர்கள் இவ்வட்டவணையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், சூத்திரத்தின் காரணம் மாணவர்க்கு எளிதில் விளங்கும். களப்பணியாளர் பாகையில் அளப்பதில் குற்றமில்லை. வகையிடுமுன் அதனை ரேடியனாக மாற்றிக்கொள்ளுதல் வேண்டும்.