அந்தமானில் குடும்பத்தோடு ஸ்கூபா

ஹேவ்லாக் தீவுக்கு (இப்போது ஸ்வராஜ் த்வீப்) டிசம்பர் முதல் ஏப்ரலுக்குள் போவது நல்லது. கடல் அமைதியாக இருக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) விமானம், அங்கிருந்து கப்பல். கப்பல் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

கடலில் ஸ்கூபா செய்யப் பிள்ளைகளுக்குப் பொதுவாக 10 வயது நிறைந்திருக்க வேண்டும். சின்னவர்களுக்கு ஸ்நார்க்லிங் போதும். நீச்சல் தெரியாத பெரியவர்களையும் பயிற்சியாளர் கையோடு அழைத்துப் போவார். ஆழம் 12 மீட்டரைத் தாண்டாது.

முதலில் தரும் மருத்துவப் படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காதுப் பிரச்சினை இருந்தால் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். கர்ப்பிணிகள் இறங்கவே கூடாது. சளி பிடித்திருந்தாலும் அன்றைக்கு வேண்டாம். மூக்கடைத்திருந்தால் காதில் அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாது, செவிப்பறைக்கே ஆபத்து. தண்ணீருக்குள் மூச்சை அடக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். மேலே வரும்போது நுரையீரலில் அடைபட்ட காற்று விரியும். அது உயிருக்கே ஆபத்து. பயந்து மறுக்கும் பிள்ளையை வற்புறுத்தவே வேண்டாம்.

ஸ்கூபாவைப் பயணத்தின் தொடக்க நாட்களிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை மூழ்கினால் 12 மணி நேரம், பலமுறை என்றால் 18 மணி நேரமாவது கழித்தே விமானம் ஏற வேண்டும்.

பவளத்தைத் தொடாதீர்கள். உடைந்த துண்டைக்கூட எடுத்து வருவது சட்டப்படி குற்றம்.