கற்பிட்டிக் களப்புக்கரையில் ஜூன் சூரியோதயம்

புத்தளம் மாவட்டத்தின் கடற்கரை மேற்கு நோக்கியது. தலவில, ஆலங்குடா மணலில் நின்றால் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம். உதயத்தைப் பார்க்க முடியாது. கோடைக் கதிர்த்திருப்பத்தன்று விடியுமுன் நடக்கும் குழு, கற்பிட்டிக் குடாநாட்டின் மறுபக்கத்துக்கு, புத்தளம் களப்பின் கரைக்குப் போக வேண்டும். அங்கே கிழக்கே அகன்ற நீர்ப்பரப்பு. அதற்கப்பால் வண்ணாத்திவில்லுப் பக்கத்தின் தாழ்ந்த காட்டு விளிம்பு.

இடத்தை முதல்நாள் பகலிலேயே தேர்ந்துகொள்வது எல்லாவற்றிலும் முக்கியம். ஜூன் 21ஆம் திகதியை ஒட்டி இங்கு சூரியன் நேர்க்கிழக்கில் உதிப்பதில்லை. வடக்காக ஏறத்தாழ 24 பாகை விலகி எழுகிறது. நீட்டிய கையின் முட்டி ஒன்று சுமார் 10 பாகையை மறைக்கும். ஆகவே கிழக்கிலிருந்து இடப்பக்கமாக இரண்டரை முட்டி அளந்து, அந்தத் திசையில் கண்டல் மரங்கள் மறைக்காத கரையைப் பிடிக்க வேண்டும். இதைச் செய்யாமல் இருட்டில் போய் நிற்கும் குழுக்கள் கடைசி நேரத்தில் சேற்றுக்குள் ஓடுகின்றன.

உதயம் காலை 5.55 மணியளவில். முதல் வெளிச்சம் 4.40 அளவில், சுபஹ் பாங்கு ஒலிக்கும் வேளையை ஒட்டித் தொடங்கும். அதற்குள் நடையைத் தொடங்கிவிட்டால் அவசரம் இராது. வெளிச்சம் வேகமாக ஏறும். சூரிய வட்டம் முழுதாக வெளிவர இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமே ஆகும். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சில் அன்று பகல் பதினாறு மணிநேரத்தைக் கடக்கிறது. இங்கோ ஜூனின் நீண்ட பகலுக்கும் டிசம்பரின் குறும்பகலுக்கும் இடையே ஒரு மணிநேர வித்தியாசம்கூட இல்லை. ஆண்டின் மிக முந்திய உதயமும் அன்றல்ல, மே மாதக் கடைசி வாரத்தில் வருகிறது. இந்த அட்சக்கோட்டில் பார்க்க வேண்டியது உதயத்தின் திசையைத்தான். எதிர்க்கரையில் ஓர் அடையாளத்தைக் குறித்துவைத்து டிசம்பரில் அதே இடத்தில் நின்றால், சூரியன் ஐந்து முட்டி அளவு தெற்கே தள்ளி எழுவது தெரியும்.

முகில் மூடினால் மனம் உடைய வேண்டியதில்லை. கதிர்த்திருப்பத்துக்கு முன்னும் பின்னும் ஒரு வாரத்தில் உதயப்புள்ளி நகர்வது சூரியனின் அகலத்தில் பாதிகூட இல்லை; இன்னொரு காலையில் வரலாம்.

ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று மணலை வாரி வீசும். முகத்துக்கு ஒரு துணியும் சேற்றுக்குப் பழைய சப்பாத்தும் தேவை. கற்பிட்டிக் கோட்டையை ஒட்டிக் கடற்படை முகாம் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தவிர்த்து, ஊராரிடமும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. இருட்டில் டோர்ச்சோடு திரியும் கூட்டம் மீனவர்களுக்குச் சந்தேகத்தைத் தரும். குழுவின் கடைசியில் வழி தெரிந்த ஒருவர் நடக்க வேண்டும். களப்பின் கீழ்க்கரையில், எலுவன்குளம் பக்கம், யானைகள் நடமாடுவதால் விடியுமுன் நடை கூடாது. அப்பக்கத்து வில்பத்து தேசிய பூங்காவின் வாயிலோ உதயத்துக்குப் பின், காலை ஆறுக்கே திறக்கிறது.

உதயத்தோடு கலைந்துவிடாமல், 12.13 மணியளவில் ஒரு மீற்றர் கம்பை நிமிர்த்தி நட்டுப் பார்க்கலாம். அதன் நிழல் சுமார் 27 சென்ரிமீற்றர் நீளத்தில் தெற்கு நோக்கி விழும்.