டுரியானும் வௌவாலும்



பினாங்குவாசிகளுக்கு டுரியானைப் பற்றிப் பாடம் எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். மே மாதக் கடைசியில் பாலிக் பூலாவிலிருந்து லாரிகள் வரத் தொடங்கினால், நம்மில் சிறு பிள்ளையும் மணத்தைக் கொண்டே பழத்தைச் சொல்லிவிடும். இது ஆங் ஹே, இது ஹோர் லோர், இது கசப்பு, இது தித்திப்பு என்று தரம் பிரிப்பதில் நம்மவர் யாருக்கும் இளைத்தவரல்லர். ஆனால் அந்தப் பூ எப்படிக் காயாகிறது, அதற்கு வேலை செய்வது யார் என்று கேட்டால் பதில் வருவதில்லை. சில மாதங்களுக்கு முன்வரை நமக்கும் தெரியாது. தெரியாமல் செய்த ஒரு காரியத்தால்தான் இதை எழுத நேர்ந்தது.

நாம் மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு படிப்பை முடித்துக்கொண்டு கடையில் உட்கார்ந்தோம். நம் கடைக்கு பாலிக் பூலாவிலிருந்து ஒரு மலாய்ப் பெரியவர் ஜாதிக்காயும் கிராம்பும் கொண்டு வருவார். திரும்பிப் போகும்போது கயிறு, சாக்கு, அரிவாள் என்று தோட்டத்துக்கு வேண்டியதை வாங்கிப் போவார். வயதில் மூத்தவராகையால் பாக்சிக் என்றே அழைப்போம். சென்ற வருஷம் அவர், வௌவால் தொல்லை பொறுக்கவில்லை, ரம்புத்தானும் லங்சாட்டும் பாதிக்கு மேல் போய்விடுகிறது என்று முறையிட்டார். நாம் உள்ளேயிருந்து மெல்லிய நைலான் வலையை எடுத்து அளந்து வெட்டிக் கொடுத்தோம். அடுத்த முறை வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. மரத்துக்கு மரம் கட்டியிருப்பதாகவும், விடிந்து பார்த்தால் ஏழெட்டு வௌவால்கள் சிக்கிச் செத்துத் தொங்குவதாகவும் சொன்னார். சரக்கு நன்றாக இருக்கிறது என்று வாடிக்கையாளர் சொன்னால் எந்தக் கடைக்காரனுக்கும் மகிழ்ச்சிதானே? நாமும் மகிழ்ந்தோம்.

இதை வீட்டில் சாப்பாட்டு வேளையில் சொன்னபோது, இடைநிலைப் பள்ளியில் படிக்கும் நம் மகள் கை கழுவாமலே எழுந்து, “அத்தா, டுரியான் மரங்களுக்கு நடுவிலா கட்டியிருக்கிறார்?” என்று கேட்டாள். ஆமென்றோம். “அப்படியானால் அவருக்கு டுரியானும் கிடைக்காது” என்றாள். பிறகு பல இரவுகள் ஆங்கிலக் கட்டுரைகளை வாசித்து நமக்குத் தமிழில் சொன்னாள். அவள் சொன்னதும், நாமே தோட்டத்துக்குப் போய்ப் பார்த்ததுமே கீழே வருவன.

டுரியான் பூ பகலில் மலரும் ஜாதியன்று. ஏறக்குறைய அஸர் நேரத்தில் இதழ் விரியத் தொடங்கும். கிளைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் வெளிறிய பூ அது. பார்வைக்குப் பகட்டில்லை. மணமோ புளித்த பாலை ஒத்தது. மாலையில் தேனீக்கள் வந்து மொய்க்கும். ஆனால் மகரந்தப் பொடி வெளிப்படுவது மஃரிபுக்குப் பிறகு, நன்றாக இருட்டிய பின்னர்தான். அப்போது பூவின் அடியில் தேன் நிறைந்திருக்கும். சுபுஹுக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் இதழும் மகரந்தத் தண்டுகளும் உதிர்ந்து, மரத்தடியில் பாய் விரித்தாற்போல் கிடக்கும். ஒரு பூவின் ஆயுள் ஓர் இரவே. அந்த ஓர் இரவுக்குள் வேறொரு மரத்தின் மகரந்தம் அதன் சூலகத் தலையில் வந்து ஒட்டியாக வேண்டும். தன் மரத்து மகரந்தத்தால் பெரும்பாலும் காய் பிடிப்பதில்லை. தெற்குத் தாய்லாந்தில் செய்து 2009ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி இதைத் தெளிவாகக் காட்டிற்று. ஒரே ஒட்டு ஜாதியை வரிசையாக நட்டுவிட்டு, மரம் நிறையப் பூத்தும் காய் இல்லையே என்று தலையில் கை வைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

இரவில் மரத்துக்கு மரம் மகரந்தத்தைச் சுமந்து செல்வது யார்? வௌவால்தான்.

வௌவால் என்றவுடன் எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. மலேசியாவில் 130க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவை பூச்சி தின்பவை. டுரியானுக்கு வருவன இரு தரத்தவை. ஒன்று குகைகளில் கூட்டமாக வாழும் தேனுண்ணி வௌவால். நூறு கிராம் எடைகூட இராது. நீண்ட நாக்கின் நுனி தூரிகை போலிருக்கும். மற்றது மலாய்க்காரர் கெலுவாங் என்று சொல்லும் பெரிய பழந்தின்னி வௌவால். இறக்கை விரித்தால் ஒரு மனிதனின் இரு கை நீளத்துக்கும் வரும். இரண்டும் பறவையல்ல, குட்டி போட்டுப் பால் கொடுப்பவை. கெலுவாங் வருஷத்துக்கு ஒரே குட்டிதான் ஈனும். ஆகவே ஒரு கூட்டம் அழிந்தால் மறுபடி பெருகுவதற்கு வெகுகாலம் ஆகும்.

பத்துமலையைத் தெரியாத தமிழர் இந்நாட்டில் இல்லை. அந்தக் குகைகளில் வாழும் தேனுண்ணி வௌவால்களை 1970களில் ஸ்டார்ட், மார்ஷல் என்னும் இரு விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். இரவில் வௌவாலின் பின்னால் ஓட முடியாதல்லவா? அதனால் குகைத் தரையில் விழுந்த எச்சத்தை எடுத்துப் பூதக்கண்ணாடியில் வைத்து, அதிலிருந்த மகரந்தம் எந்தெந்தப் பூவினது என்று பிரித்தறிந்தார்கள். கடைக்காரன் கணக்குச் சீட்டைப் பார்த்து, யார் எங்கே என்ன வாங்கினார் என்று கண்டுபிடிப்பதைப் போன்ற யுக்தி. அதில் டுரியான் இருந்தது. நாசி கண்டாரில் நாம் விரும்பித் தின்னும் பெத்தாய் இருந்தது. அதிசயம் என்னவென்றால், கடற்கரைச் சேற்றில் வளரும் பெரெம்பாங் மரத்தின் மகரந்தமும் இருந்தது. அம்மரங்கள் குகையிலிருந்து சுமார் 38 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தன. அத்தனை தூரம் பறந்து போய்ப் பசியாறி, விடியுமுன் திரும்பி வந்திருக்கின்றன.

இங்கேதான் பாடத்தின் முக்கியமான இடம் வருகிறது. டுரியான் வருஷத்தில் சில வாரங்களே பூக்கும். மீதி மாதங்களில் வௌவால் என்ன செய்யும்? பெரெம்பாங் போன்ற அலையாத்தி மரங்களும், வாழைப்பூவும், பெத்தாயும் அதற்குச் சோறு போடுகின்றன. ஆகவே கடலோரத்துக் காட்டை வெட்டினால் மலைமேல் டுரியான் குறையும். சுண்ணாம்புக் குன்றைச் சிமெண்டுக்காக உடைத்தாலும் அப்படியே. குகை போனால் வீடு போயிற்று, கடலோரக் காடு போனால் சாப்பாடு போயிற்று. கூலியாளுக்கு வீடும் சோறும் இல்லாமல் வேலை மட்டும் நடக்கவேண்டுமென்றால் நடக்குமா?

பினாங்கில் மீனவர் நலச் சங்கத்தார் 1997 முதல் அலையாத்தி மரங்களை நட்டு வருகிறார்கள். தங்கள் மீனுக்கும் இறாலுக்குமாக அவர்கள் தொடங்கிய வேலை அது. 2004 டிசம்பர் 26ல் சுனாமி வந்து இம்மாநிலத்தில் 52 பேரைக் கொண்டுபோன பின்னர், அம்மரங்கள் அலையைத் தடுக்கும் என்பதைப் பிறரும் உணர்ந்தார்கள். அதே காடுதான் வௌவாலுக்குப் பந்தி என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பெரிய கெலுவாங்கைப் பற்றி நெடுங்காலம் தகராறு இருந்தது. அது பூவைக் கடித்துத் தின்று நாசம் செய்கிறது என்றே தோட்டக்காரர்கள் நம்பினார்கள். ஷீமா அப்துல் அஸீஸ் என்னும் மலேசியப் பெண் விஞ்ஞானி தம் கூட்டத்தாருடன் தியோமான் தீவில் டுரியான் மரக் கிளைகளில் தானே படமெடுக்கும் காமிராக்களைக் கட்டிவைத்தார். 2017ல் முடிவு வெளியாயிற்று. வௌவால் தேனை நக்கிவிட்டுப் பூவைச் சேதமின்றி விட்டுப் போகிறது, அதனால் காய்ப்பும் கூடுகிறது என்பது படங்களோடு நிரூபணமாயிற்று. பூவைக் கெடுத்தது அணில்! திருடனை விட்டுவிட்டுத் தோட்டக்காரனை அடித்த கதையாயிற்று. நம் சமூகத்துப் பெண் பிள்ளைகளை விஞ்ஞானம் படிக்க அனுப்பலாமா என்று இன்னும் யோசிப்பவர்கள் இந்தச் சகோதரியின் பெயரை நினைவில் வைக்கட்டும்.

சர்க்கார் பக்கத்தையும் பார்ப்போம். பத்துமலை ஆராய்ச்சி வெளியானது 1976ல். அதற்குக் கால் நூற்றாண்டுக்குப் பின், 2002 முதல் 2005 வரை, தீபகற்பத்தில் பெரிய கெலுவாங்கைச் சுடுவதற்கு 1,756 உரிமங்கள் வழங்கப்பட்டன. ஓர் உரிமத்துக்கு 50 வீதம் கணக்கிட்டால் 87,800. நான்கு வருஷங்களுக்குப் பங்கிட்டால் வருஷத்துக்குச் சுமார் 22,000. இந்த வேகத்தில் போனால் 6 முதல் 81 வருஷங்களுக்குள் இவ்வினமே இங்கே இல்லாமற் போகும் என்று 2009ல் விஞ்ஞானிகள் கணித்துச் சொன்னார்கள். செயற்கைக்கோள் கருவி மாட்டிப் பார்த்தபோது, அவ்வௌவால்கள் தாய்லாந்துக்கும் இந்தோனேசியாவுக்கும் போய்வருவதும் தெரிந்தது. 2010ல் வந்த 716ஆம் சட்டம் வனவிலங்கு விதிகளைப் புதிதாக வகுத்தது. பின்னர் அது திருத்தப்பட்டுத் தண்டனைகளும் கூட்டப்பட்டன. நல்லதே. எனினும், பற்றை ஒரு பேரேட்டிலும் வரவை இன்னொரு பேரேட்டிலும் எழுதி, இரண்டையும் ஒருநாளும் சேர்த்துப் பாராத கடை எத்தனை நாள் நடக்கும்? டுரியானைச் சீனாவுக்கு அனுப்ப ஓர் இலாகா பாடுபட்டு, 2024ல் உறையாத புதுப் பழத்துக்கும் அனுமதி வாங்கிற்று. அந்தப் பழத்துக்குக் காரணமானதைச் சுட, அதற்கு முன்னே இன்னோர் இலாகா சீட்டுக் கொடுத்திருக்கிறது.

நம் முன்னோர் வந்த நாட்டிலும் கதை வேறல்ல. இந்தியாவின் 1972ஆம் வருஷச் சட்டத்தில் பழந்தின்னி வௌவால்கள் எலி, காகத்தோடு சேர்த்து நாசப் பிராணிகள் என்று ஐந்தாம் அட்டவணையில் எழுதப்பட்டிருந்தன. 2022ல் செய்த திருத்தத்தில்தான் அந்த அட்டவணையே எடுக்கப்பட்டது.

இதையெல்லாம் கடையில் சொன்னபோது ஒரு நண்பர், “நானா, வௌவால் நோய் பரப்பும் பிராணி அல்லவா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது. 1998-99ல் நிபா நோயால் இந்நாட்டில் 105 பேர் மாண்டனர். சுமார் பத்து லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. அந்தக் கிருமி கெலுவாங்கின் உடலில் இருப்பதைப் பின்னர் கண்டறிந்ததும் தியோமான் தீவிலேதான். ஆனால் அது மனிதரிடம் வந்த வழியைப் பார்க்கவேண்டும். பன்றிப் பண்ணைகளை ஒட்டிப் பழமரங்களை நட்டார்கள். வௌவால் கடித்துப் போட்ட பழம் பண்ணைக்குள் விழுந்தது. பன்றிக்கு நோய் கண்டு, அதிலிருந்து பண்ணையாட்களுக்குத் தொற்றிற்று. ஆகவே நாம் செய்யவேண்டியது மூன்றே. வௌவால் கடித்த பழத்தைத் தின்னாதிருத்தல், செத்ததையும் அடிபட்டதையும் வெறுங்கையால் தொடாதிருத்தல், மருந்துக்கென்று அதன் இறைச்சியைத் தேடாதிருத்தல். வலையில் சிக்கித் துடிக்கும் வௌவாலைக் கையால் பிடுங்கி எடுப்பவனே எல்லாரிலும் அதிக ஆபத்தில் இருக்கிறான். நம் பாக்சிக் தினமும் அதைத்தான் செய்து வந்தார் என்று அறிந்தபோது நமக்கு உடல் நடுங்கிற்று.

அது ரம்புத்தானைத் தின்கிறதே என்பதும் உண்மையே. அதை இல்லையென்று சொல்லி ஏழைத் தோட்டக்காரனிடம் தர்க்கம் செய்வது அழகல்ல. ஆனால் கொன்றால் பழம் கூடுமா? மொரீஷியஸ் தீவில் சர்க்காரே முன்னின்று 2015, 2016 ஆகிய இரு வருஷங்களில் ஏறத்தாழ 40,000 பழந்தின்னி வௌவால்களைச் சுட்டது. அதனால் லிச்சி, மாம்பழத் தோட்டக்காரரின் லாபம் கூடவில்லை என்று பின்னால் கணக்குப் பார்த்தவர்கள் எழுதினார்கள். மாறாக, பழுக்கும் வாரங்களில் மட்டும் கொத்துகளைப் பையால் கட்டுவதும், குட்டையாகக் கவாத்துச் செய்த மரத்தை நெருக்கமான வலையால் முழுக்கப் போர்த்துவதும் பலன் தருகின்றன. வௌவால் சிக்குவது மரத்துக்கு மரம் தளர்வாகத் தொங்கும் மெல்லிய வலையில்தான். நாம் விற்றது அதுவே.

தாய்லாந்தில் சில தோட்டங்களில், கையில் தூரிகையுடன் இரவில் ஆட்கள் மரமேறிப் பூவுக்குப் பூ மகரந்தம் தடவுகிறார்கள். அந்தக் கூலியை நம்மூர் விலைவாசியில் கணக்கிட்டு, அடுத்த முறை பாக்சிக் வந்தபோது ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினோம். அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு, இவ்வருஷம் பூ நன்றாகத்தான் இருந்தது, காய் பிடிக்கவில்லை, மழையின் மேல் பழி போட்டேன் என்றார். மழையும் காரணமாயிருக்கலாம். ஒரு வருஷத்தை வைத்து நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் ரம்புத்தான் பழுக்கும்போது கட்டிய வலையை, டுரியான் பூக்கும் மாதங்களிலும் அவர் அவிழ்க்கவேயில்லை.

அடுத்த வாரம் வலையைச் சுருட்டிச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து, திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டார். வெட்டிய சரக்கைத் திரும்ப வாங்குவது நம் கடை வழக்கமல்ல. வாங்கிக்கொண்டு, அதன் விலைக்குப் பழக்கொத்துக் கட்டும் துணிப்பைகளைக் கொடுத்தனுப்பினோம்.