லாயத்தில் பக்கத்துக் குதிரையைக் கண்டு பதறும் செவலை

கேள்வி: டாக்டர், போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையில் ஒரு கத்தியவாடிப் பெட்டையை வாங்கினேன். செவலை, ஏழு வயது. எங்கள் தோட்டத்தில் ஆடுகளோடு நின்றவரை ஒரு குறையும் இல்லை. இப்போது நண்பரின் லாயத்தில் நான்கு குதிரைகளுக்கு நடுவே இருக்கிறது. கொள்ளு வைக்கும் நேரத்தில் காதை மடக்கிக்கொண்டு பலகையை உதைக்கிறது, பல்லை நறநறவென்று கடிக்கிறது. ராத்திரியில் முன்கால்களை மாற்றி மாற்றி வைத்து ஆடிக்கொண்டே நிற்கிறது. லத்தி இளகிவிட்டது, விலா எலும்பு தெரிகிறது. சுழி சரியில்லை, விற்றுவிடு என்கிறார் தரகர். கடைசி மூலையில் நாலாபக்கமும் அடைத்துத் தனியாக விட்டுவிடலாமா? பழைய ஆடுகளில் ஒன்றைக் கொண்டுவந்து விட்டால் அடங்குமா?
வாசகர், தாராபுரம்

பதில்: விற்கவும் வேண்டாம், நாலாபக்கமும் அடைக்கவும் வேண்டாம். சுழிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பிடிக்காத குதிரை பக்கத்தில் நிற்கும்போது விலகிப்போக வழியில்லாமல் உங்கள் செவலை தவிக்கிறது.

மேய்ச்சல் வெளியில் ஒரு குதிரை காதை மடக்கினாலே போதும், மற்றது நாலடி தள்ளிப் போய்விடும். தகராறு அதோடு தீர்ந்தது. லாயத்தில் எவ்வளவு காதை மடக்கினாலும் பக்கத்துக் குதிரை நகராது, அதற்கும் போக இடமில்லை. சொன்னது எடுபடாதபோதுதான் உதை விழுகிறது. முன்னே கழுத்துக்கயிறும் பின்னே கால்கயிறும் போட்டுக் கட்டியிருக்கிறீர்களா? அப்படியென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட அதனால் முடியாது. இன்றைக்கே அவிழ்த்துவிட்டு, 12 அடிக்கு 12 அடித் தடுப்புக்குள் கயிறில்லாமல் விடுங்கள்.

இதற்கெல்லாம் முன்பாக வயிற்றைப் பார்க்க வேண்டும். பல் கடிப்பு, இளைப்பு, தீவன நேரத்தில் எரிச்சல் மூன்றும் சேர்ந்தால் எனக்கு முதலில் இரைப்பைப் புண் சந்தேகம்தான் வரும். குதிரையின் இரைப்பை இராப்பகலாக அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். உள்ளே தீவனம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காது. அந்த அமிலத்தைத் தணிக்கிற உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். வெளியில் விட்டால் ஒரு நாளில் 14 முதல் 16 மணி நேரம் மேய்கிற பிராணி அது. சாயங்காலம் ஆறு மணிக்குத் தொட்டியை நிரப்பிவிட்டு மறுநாள் விடிந்துதான் அடுத்த தீவனம் என்றால், இரவில் பெரும்பகுதி வெறும் வயிற்றோடு அமிலத்தில் நிற்கிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டுகிற தூரம்தான், அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். புண் என்றால் ஓமெப்ரசோல் எழுதுவார்கள். லத்தி இளகியிருப்பதால் குடற்புழுவுக்கும் சோதிக்கச் சொல்லுங்கள். யாராவது சொன்னார்கள் என்று பினைல்பியூட்டசோன் போன்ற வலி மருந்தை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள், புண்ணை அது இன்னும் பெரிதாக்கும்.

300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 5 முதல் 6 கிலோ உலர்ந்த புல் வேண்டும். அதை நான்கைந்து வேளையாகப் பிரித்து, பெரிய பங்கை இரவுக்கு வையுங்கள். சின்னக் கண்ணுள்ள வலைப்பையில் உயரக் கட்டினால் ஒவ்வொரு வாயாக இழுத்து இழுத்துத் தின்னும், விடிய விடிய வரும். குதிரைமசால் கொஞ்சம் சேர்த்தால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து அமிலத்தைத் தணிக்க உதவும். கொள்ளை எப்போதும் புல்லுக்குப் பிறகு கொடுங்கள். மாட்டுக்குப் போடுகிற பச்சைச் சோளத்தட்டு குதிரைக்கு ஆகாது. சிறுநீர்ப்பையும் தண்டுவடமும் கெட்டு, பின்னங்கால்கள் தள்ளாடும்.

இனி லாயம். ஒரு வேளைத் தீவன நேரத்தில் தூணுக்குப் பின்னால் நின்று, தொட்டியை விட்டுவிட்டுச் செவலையின் முகத்தையே பாருங்கள். கத்தியவாடியின் காது நுனிகள் உள்வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். அவை எந்தப் பக்கத்துக் குதிரையைப் பார்த்துப் பின்னால் சாய்கின்றன? கண்ணுக்கு மேலே தோல் சுருங்குகிறதா? வாயில் கவளத்தை வைத்துக்கொண்டே மெல்லாமல் உறைந்து நிற்கிறதா? பெரும்பாலும் நான்கில் ஒரு குதிரைதான் காரணமாக இருக்கும். அது காயடிக்காத ஆண் என்றால் யோசிக்கவே வேண்டாம், உடனே இடம் மாற்றுங்கள். பெட்டைக்கு ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை பருவம் வந்து ஐந்து முதல் ஏழு நாள் இருக்கும். உதைக்கிற நாட்களைக் காலண்டரில் குறித்துவந்தால், பருவத்தோடு ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும்.

ஆகாத குதிரையை நகர்த்திவிட்டு, இருப்பதிலேயே சாதுவான ஒன்றைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். தடுப்பின் ஒரு பாதியைக் கூரைவரை பலகையால் அடைத்து, தீவனத் தொட்டியை அந்த மறைவில் வையுங்கள். மறு பாதியில் மேலே கம்பி இருக்கட்டும். பார்க்க வேண்டும் என்றால் பார்க்கும், வேண்டாம் என்றால் மறைவுக்குள் போய்விடும். பக்கத்துக் குதிரையின் தொட்டி உங்கள் தொட்டியை ஒட்டி இருக்கக் கூடாது. தீவனமும் ஐந்துக்கும் ஒரே சமயத்தில் விழ வேண்டும், ஒன்று தின்ன மற்றது காத்து நிற்பதுதான் பாதிக் கலவரத்துக்குக் காரணம்.

அடைத்துப் போடுவது வேண்டாம் என்பதற்குக் காரணம் அந்த ராத்திரி ஆட்டம். கொட்டடியில் நாலு பக்கமும் பார்க்கத் திறப்பு வைத்துக் கொடுத்தபோது இந்த ஆட்டம் குறைந்ததாக 2000-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. சுவிட்சர்லாந்தில் 2008-இல் வந்த விலங்குப் பாதுகாப்பு விதி, ஒவ்வொரு குதிரையும் இன்னொரு குதிரையைப் பார்க்கவும் கேட்கவும் மோந்து அறியவும் முடிய வேண்டும் என்றே சொல்கிறது. தனிமை குதிரைக்குத் தண்டனை. நீங்கள் அடைத்துப் போட்டால் உதை நிற்கலாம், வேதனை நிற்காது.

பகலில் அந்தச் சாதுக் குதிரையோடு வேலிக்கு இப்புறமும் அப்புறமுமாக மேய விடுங்கள். கழுத்தைச் சொறிந்துகொள்ள ஆரம்பித்தால் இரண்டையும் ஒரே வெளியில் விடலாம். நீங்களும் பிடரி முடியும் இடத்தில், முதுகு தொடங்குகிற மேட்டில், விரலால் நன்றாகச் சொறிந்துவிடுங்கள். பிரான்சின் கமார்க் குதிரைகளுக்கு அந்த இடத்தில் சொறிந்துவிட்டபோது இதயத்துடிப்பு குறைந்ததை 1993-இல் அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

ஆட்டைத் தாராளமாகக் கொண்டுவாருங்கள். பழகிய ஆடு நல்ல துணை, ஆனால் குதிரைத் துணைக்கு அது ஈடாகாது, இரண்டும் இருக்கட்டும். ஒரு விஷயத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். ஆட்டுக்கோ மாட்டுக்கோ கோழிக்கோ வாங்கும் கடைத் தீவனம் செவலையின் வாய்க்கு எட்டவே கூடாது. அவற்றில் சிலவற்றில் மொனென்சின் என்ற மருந்தைச் சேர்க்கிறார்கள். மாட்டுக்கும் கோழிக்கும் ஒன்றும் செய்யாத அளவே குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும்.