மனக்கண்ணில் தோன்றும் மௌத்து



மனம் உடைந்தவர் சாவைப் பற்றி வெறும் சொல்லாக மாத்திரம் நினைப்பதில்லை. தாம் இறந்து கிடப்பதும், வீட்டார் அழுவதும், ஜனாஸா புறப்படுவதும் படம் ஓடுவதுபோல் அழையாமலே மனக்கண்ணில் வரும். 2007-ம் ஆண்டில் இங்கிலாந்தில் எமிலி ஹோம்ஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய தோழர்களும், முன்பு மனச்சோர்வுற்று உயிரை விட எண்ணியிருந்த 15 பேரை விசாரித்தார்கள். மிகவும் நம்பிக்கையிழந்த வேளையில் இத்தகைய காட்சிகள் கண்டதாக அத்தனை பேரும் கூறினார்கள்.

இதில் அபாயம் யாது? திரும்பத் திரும்பக் கண்ட காட்சி, நடந்தே தீரும் காரியம்போல் தோன்றிவிடும். சிலருக்கு அது அச்சம் தராமல் ஆறுதலாகவும் தோன்றும். அதனை இலேசாக எண்ணலாகாது.

ஆனால், காட்சி வந்ததனால் ஒருவர் பாவியாகிவிடமாட்டார். உள்ளத்தில் தானே எழும் ஊசலாட்டத்துக்குக் குற்றம் பிடிக்கப்படுவதில்லை என்பது ஹதீஸின் கருத்து. கி.பி. 934-ல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் அறிஞர், வஸ்வாஸுக்கு ஆளானவர் தனிமையை விட்டு மனிதரோடு கூடியிருக்க வேண்டுமென எழுதினார்.

நாம் செய்ய வேண்டியவை:

1. "சாக வேண்டுமென்று தோன்றுகிறதா? கண்முன் ஏதும் வருகிறதா?" என்று அன்போடு நேரே கேளுங்கள். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக முளைக்காது. சொல்பவரைக் கடிந்துகொள்ளாதீர்கள், தனியே விடாதீர்கள்.

2. தோட்டங்களில் களைக்கொல்லியாக இருந்த பாராகுவாட்டை 2020 ஜனவரி முதல் அரசாங்கம் தடைசெய்தது. மற்ற மருந்துகள் இன்னும் இருக்கின்றன. அவற்றை லயத்து வீட்டில் வைக்காமல் ஸ்டோரில் பூட்டிவையுங்கள். வேகம் தணியும்வரை கைக்கு எட்டாதிருந்தால் உயிர் தப்பும்.

3. டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையிலும், அலோர்ஸ்டார் சுல்தானா பஹியா மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. காட்சியையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். போனில் பேச 15555, அல்லது பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் 999.

4. போலீசுக்குப் பயந்து மூடி மறைக்க வேண்டாம். தற்கொலை முயற்சிக்குத் தண்டனை விதித்த 309-ம் பிரிவு 2023-ல் நீக்கப்பட்டது.

துஆவும் வேண்டும், மருந்தும் வேண்டும். ஒன்றுக்கொன்று பகையல்ல. பள்ளிவாசலில் நம் பக்கத்தில் நிற்பவர் சில நாளாக முகம் வாடியிருந்தால், ஸலாம் கூறியதோடு நில்லாமல், "என்ன தம்பி, மனசுக்குச் சரியில்லையா?" என்று உட்கார்ந்து கேளுங்கள்.