சொல்லாமல் நின்ற வேலையாள்

திருவண்ணாமலை வட்டாரத்தில் கார்த்திகைத் தீபம் நெருங்கினால் அரிசி ஆலைகளிலும் மாவு மில்களிலும் ஆட்கள் சொல்லாமல் நின்றுவிடுவதுண்டு. ஊறிய நெல் காத்திராது; உரிமையாளர் சினங்கொள்வதும் இயல்பே. ஆயினும், ‘இனி வரவேண்டாம்’ என்று ஒரே சொல்லில் விலக்குதல் முறையன்று.

யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-இல் இதனைத் தெளிவாக்கிற்று. எட்டு நாட்களுக்கு மேல் வரவில்லையென்று ஒரு தொழிலாளியின் பெயரை ஆலை நிர்வாகம் விசாரணையின்றி நீக்கியிருந்தது. அது செல்லாதெனக் கூறி, மீண்டும் வேலையும் பாதிச் சம்பளப் பாக்கியும் அளிக்க நீதிமன்றம் ஆணையிட்டது.

ஆகவே நாம் செய்யத்தக்கவை நான்கு. வருகைப் பதிவேட்டில் அன்றன்றே குறித்தல் முதலாவது. வீட்டிற்கு ஆளனுப்பி, நோயா துயரமா என்று அறிதல் இரண்டாவது. விடை கிடைக்காவிடில், தவணை குறித்துத் தபாலில் விளக்கம் கேட்டு, ரசீதைக் காத்து வைத்தல் மூன்றாவது. அவர் கூறுவதைக் கேட்டபின்னரே முடிவு செய்தல் நான்காவது.

வருமுன் காத்தல் இவற்றினும் நன்று. 1958-ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் பண்டிகைகளுக்கென ஐந்து நாட்கள் அளிக்கிறது. ஆட்களுடன் கலந்து, அவற்றுள் ஒன்றைத் தீபத்திற்கென முன்னரே குறித்துவிட்டால், சொல்லாமல் நிற்கும் தேவை குறையும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனைத் தத்தம் ஊரில் தொழில் நடத்துவோர்க்கு எடுத்துரைப்பாராக.